அதே வரியில்

"மேடம், மறுபடியும் அதே வரியில நிறுத்திட்டீங்க," என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளன்.

"மன்னிச்சுக்குங்க சார். பெரியவன் கைக்குழந்தையா இருந்தப்ப எழுதின பாட்டு. இந்த வரி வந்தாப் போதும், வீல்னு கத்துவான். பாட்டை விட்டுட்டுத் தொட்டிலுக்கு ஓடுவேன். அடுத்து சின்னவ பொறந்தா. மைக் பக்கமே வர முடியலை. தொண்டைக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகலை."

"இப்ப யாரும் கத்த மாட்டாங்க. தைரியமாப் பாடுங்க."

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அந்த வரியையும் தாண்டி, பாட்டு முடிந்தது. ஹெட்போனில் பேச்சே இல்லை. சொதப்பிவிட்டோமோ என்று பயந்துகொண்டே கண் திறந்தாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஸ்டுடியோவுக்குள் 'மேடம்'தான் என்று அவள் போட்டிருந்த சட்டம் காற்றில் பறந்தது.

"இன்னிக்கும் அதே வரியில அழுதுட்டேம்மா."

"அழுதா என்னடா? இந்தத் தடவை சத்தம் போடாம அழுதே. பாட்டு முடிஞ்சிடுச்சு!"