காதுக்கெட்டும் தூரம்

"சார், நீங்க கொஞ்சம் மாடிக்குப் போயிடுங்க. அம்மாகிட்ட தனியாத்தான் கேக்கணும்," என்றாள் சர்வே எடுக்க வந்த பெண்.

வீட்டுக்காரரை அவர் வீட்டு ஹாலிலிருந்தே கிளப்பிவிடுகிற அந்த விதியை எழுதியவர் வேறு யாருமில்லை, சதவீதம்தான்.

பல்கலைக்கழகத்தில் அவருடைய பட்டப்பெயர் அது. நாடு முழுக்க வீடு வீடாக ஆளனுப்பி, ஜனங்கள் எப்படியெல்லாம் மாறுகிறார்கள் என்று முப்பது வருடம் எண்ணிக்கொண்டிருந்த மனிதர். குழம்பில் உப்புக் குறைந்தால்கூட, நூற்றுக்கு எத்தனை பேருக்கு அப்படித் தெரியும் என்று கேட்கிற ஆசாமி. ஓய்வுபெற்ற பிறகு, சர்வேக்கு வீடு பொறுக்கும் குலுக்கலில் அவர் வீடே விழுந்துவிட்டது. அதிலும், பதில் சொல்ல வேண்டியவள் மனைவி.

தான் யாரென்று அவர் மூச்சுவிடவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண் வேறு வீட்டைப் பார்த்துப் போயிருப்பாள்.

நல்ல பிள்ளையாகப் படியேறினார். பாதியில் நின்றார். பூனை மாதிரி இறங்கிவந்து ஹால் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார்.

எல்லாம் ஒரே ஒரு கேள்விக்காக.

'மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ள வாய்ப்புக் கிடைத்தால், இவரையே கட்டிக்கொள்வீர்களா?'

அவர் எழுதிய கேள்விதான். நாட்டில் எத்தனை பெண்கள் ஆமாம் என்பார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் மனைவியிடம் கேட்க மட்டும் வாய் வந்ததில்லை. பயம்தான், வேறென்ன.

வந்தவளுக்கு வெண்கலக் குரல். மனைவி எப்போதும் முணுமுணுப்பாள். கேள்வி கணீரென்று விழுந்தது. பதில் கேட்கவே இல்லை.

கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆமாம் என்றால் அந்தப் பெண் நேராகக் குடிதண்ணீர்க் கேள்விக்குத் தாவிவிட வேண்டும். இல்லை என்றால், ஏன், எதற்கு, எப்போதிலிருந்து என்று ஒரு பக்கம் முழுக்கக் குடைய வேண்டும். அதுவும் அவர் செய்த ஏற்பாடுதான்.

சதவீதம் காதைக் கதவோடு அழுத்திக்கொண்டார்.

"குடிக்கிற தண்ணி குழாய்ல வருதா, வண்டியில வருதாம்மா?"

அப்பாடா!

அவருக்குக் கண்கூட லேசாகக் கலங்கியது. அதை நிம்மதியாக அனுபவிக்க விடாமல் படித்த படிப்பு குறுக்கே வந்தது. புருஷன் காதில் விழும் என்று தெரிந்தால் பெண்கள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அந்த ஆமாமைத் தள்ளிவிடுங்கள் என்று ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்தவர் ஆயிற்றே.

ஆனால் இவளுக்குத்தான் தெரியாதே! மாடியில் இருப்பதாகத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியென்றால் இது சுத்தமான ஆமாம்.

கதவு திறந்தது. சதவீதம் சட்டென்று சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார்.

"கடைசியா ஒண்ணு குறிக்கணும் சார். நாங்க பேசினது யார் காதுலயாவது விழுந்திருக்குமா?"

ஒரு பதிலை மாற்றிப் போட்டதற்காக ஆட்களை வேலையை விட்டே தூக்கியவர் அவர். யார் அழுதாலும் மசிந்ததில்லை.

"நான் இப்பத்தான் மாடியிலேர்ந்து இறங்கறேன்," என்றார்.

"ஆமாம்மா, மாடியிலதான் இருந்தார்," என்றாள் மனைவி, யாரும் கேட்காமலே.

அந்தப் பெண் 'இல்லை' என்று குறித்துக்கொண்டாள். அடுத்த வருடமும் இதே வீட்டுக்கு வருவோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்த மனைவி, ஒரு நாற்காலியை இழுத்து ஹால் கதவுக்குப் பின்னால் போட்டாள்.

"முட்டி வலிய வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க? உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

"அப்ப நீ சொன்னது..."

"அடுத்த வருஷம் அவ வரும்போது நெஜமாவே மாடிக்குப் போங்க. அப்பச் சொல்றேன்."