ஒரு வாய்த் தண்ணீர்

கவரைப்பேட்டை வீட்டைப் பூட்டி ஆட்டோவில் ஏறிய பிறகுதான், மகளுக்கென்று கிண்டி வைத்த பிரசவ லேகியம் மேசை மேலேயே இருப்பது சுமலதாவுக்கு நினைவு வந்தது. இறங்கி ஓடிப் போய் எடுத்து வந்தாள். கிளம்பியவர் பாதியில் திரும்பினால், உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படி இறங்க வேண்டும். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த அவசரத்தில் அவள் உட்காரவில்லை.

மகள் இருக்கும் குவாஹாத்திக்குப் போகும் விமானத்தில் வழி நெடுக அதுவே உறுத்தியது. மகளுக்குத் தலைப்பிரசவம், இந்த நேரம் பார்த்தா இப்படிச் செய்ய வேண்டும்? யோசிக்க யோசிக்க, இரண்டாம் முறை கதவைப் பூட்டினோமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

இறங்கியதும் எதிர்வீட்டு மேரிக்குப் போன் செய்தாள்.

"மேரி, என் ஊடு பூட்டிகீதா, கொஞ்சம் பாரேன்."

"இன்னாக்கா, வெளாடுறியா? கதவு தொறந்துதான கீது. நீ சேர்ல உக்காந்து தண்ணி குடிச்சிகினு கீற. காலையிலேர்ந்து அதே சொம்பு. கூப்ட்டாலும் திரும்ப மாட்டேன்ற. ஊருக்குப் போவலியா?"

சுமலதா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். விமானத்தில் காய்ந்துபோயிருந்த தொண்டையில் ஜில்லென்று தண்ணீர் இறங்கியது. மடக்கு மடக்காக, நிற்காமல்.