தட்டுச் சத்தம்

ஆரம்பாக்கத்து மதியம் கனவு போல மிதந்தது. தூளியில் குழந்தை தூங்க, கீழே பென்னி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"மெதுவா பேசுங்க சிஸ்டர். தகடு அடிக்கிற கம்பெனில நைட் ஷிஃப்ட். அசந்து தூங்கினு இருக்காரு," என்றாள் அவன் மனைவி ஷைனி.

"பொறந்தப்ப எடுத்த டெஸ்ட்ல புள்ளைக்குக் காது கேக்குமான்னு சந்தேகம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அதான் ஊட்டுக்கே வந்தேன்," என்றாள் நர்ஸ் இளமதி.

அவள் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டினாள்.

குழந்தை துள்ளி வீரிட்டது.

"கேக்குது சிஸ்டர்!" ஷைனி அழுதுகொண்டே சிரித்தாள்.

இளமதி பென்னியை எட்டிப் பார்த்தாள். அவன் தூங்கவில்லை. அந்தச் சத்தத்துக்கும் திரும்பாமல், சுவரில் நீந்தும் இலை நிழல்களைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தான்.

"இவருக்கு எப்பத்துலேர்ந்து காது கேக்கல?"

ஷைனியின் சிரிப்பு நின்றது.

"கூப்ட்டா திரும்ப மாட்டாரு சிஸ்டர்... எம்மேல கோவம்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"