கைக்குட்டை மேனேஜர்

"டேய், கைக்குட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பேசு. ஒரு எழவும் புரியல," என்று போனில் சிரித்தாள் அக்கா.

எம்.பி.ஏ. முதல் வருடம் முடிந்து, வெளிநாட்டுக்கே போய், ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் செய்யும் வாய்ப்பு. நாளைக் காலை கடைசி இன்டர்வியூ. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை, பெட்டியைக்கூடப் பாதி அடுக்கிவிட்டாள்.

ஒத்திகை பார்ப்பது தம்பி. மாலையானால் போதும், பக்கத்து அறையிலிருந்து போன் செய்து, வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வெளிநாட்டு மேனேஜராகிவிடுவான். வீடே கேட்டுச் சிரிக்கும், அப்பாவைத் தவிர. இன்றைக்குப் பாவி, குரலை இன்னும் நன்றாகவே மாற்றியிருந்தான்.

"உங்களை நாங்க எதுக்கு எடுக்கணும்?" என்றது அந்தக் கரகரத்த குரல்.

"என்னை மாதிரி ஆள் நீங்க தவம் கிடந்தாலும் கிடைக்காது சார்."

"அங்க பனி கொட்டும். உங்களுக்குக் குளிர் ஒத்துக்காதே?"

"மாட்டிக்கிட்டியா? மேனேஜர் அங்கேயே இருக்கறவராச்சே, 'இங்க பனி கொட்டும்'னுதானே சொல்வார்? என் சளி விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்?"

குரல் கனைத்துக்கொண்டது. "காய்ச்சல்னு படுத்தா யார் பார்த்துப்பாங்க?"

"நானே பார்த்துப்பேன். பெட்டியில முதல்ல வெச்சதே மாத்திரைதான்."

"வீட்ல சம்மதமா?"

அவள் சிரிப்பு நின்றது. "கடுப்பேத்தாதடா. அப்பா ஒரு வாரமா 'பார்க்கலாம்'னே சொல்றார். அவர் பார்க்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம், உனக்குத் தெரியாதா?"

"அவர் வேண்டாம்னுட்டா?"

"ரூமுக்குள்ள உட்கார்ந்து அழுவேன். ஆனா அவரை மீறிப் போக மாட்டேன்." அவளே தொடர்ந்தாள். "இத்தனை வருஷமா அட்டைப்பெட்டி செஞ்சு கப்பல்ல ஏத்தறார். அது எந்தக் கரையில இறங்குது, யார் பிரிக்கறாங்க, எதையும் அவர் பார்த்ததில்ல. நான் போய்ப் பார்த்துட்டு வந்து அவர்கிட்ட சொல்லணும்டா. முடிஞ்சா ஒரு ஆர்டரும் பிடிச்சுட்டு வருவேன்."

சட்டென்று போன் கட்டானது.

"வம்பு இழுத்துட்டு ஓடறியா? இரு, வர்றேன்," என்று எழுந்து ஹாலுக்கு வந்தாள்.

வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, பேட்மின்டன் மட்டையும் வேர்வையுமாக உள்ளே வந்தான் தம்பி.

"சாரிக்கா, மேட்ச் இழுத்துடுச்சு. குளிச்சுட்டு வந்து ஒத்திகை வெச்சுக்கலாம். என் போனை எடுத்துத் தாயேன், அப்பா ரூம்ல சார்ஜ்ல போட்டுட்டுப் போனேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்பாவின் அறைக் கதவு திறந்தது. ஒரு கையில் தம்பியின் போன். இன்னொரு கையிலிருந்த கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"நீ செலக்ட் ஆயிட்டேம்மா. கிளம்பு, கடை மூடறதுக்குள்ள நல்ல ஸ்வெட்டரா வாங்கிட்டு வந்துடலாம்."