கோடித் துணி

"இடுப்பு முப்பத்தாறு, கால் நீளம் முப்பத்தாறு. அந்த அளவுல ஒண்ணு எடுங்கம்மா."

சயோகோ பெரியவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோஜிமா ஊரின் ஜீன்ஸ் தெருவில் பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருப்பவள். ஆள் வாசலில் நுழையும்போதே இடுப்பளவு சொல்லிவிடுவாள்.

"உங்களுக்கா ஐயா? முப்பதே தாராளம். இதுல உங்களோட இன்னொருத்தரும் நுழையலாம்."

"எனக்கில்ல. என் பையன் போன மாசம் இங்க வாங்கினான். அவனுக்குக் குடுத்தது அந்த அளவுதானான்னு பாக்கணும். அவன் பேரு நான்பா ரியோஜி."

அவளுக்கு உடனே நினைவு வந்துவிட்டது. மறக்கிற ஆளா அவன்? 'இது கோடித் துணி தம்பி, சுருங்கும். அதுக்குத்தான் பெரிய அளவா தரேன். மொதல்ல வெந்நீர்ல ஊறப்போடு' என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். 'ஆறு மாசத்துக்குத் தண்ணியே காட்ட மாட்டேன்க்கா. உடுத்தி உடுத்தியே வெளுக்கணும், அதான் அழகு' என்று சொல்லி, காலை மடித்துவிட்டு, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, அப்படியே போட்டுக்கொண்டு போனான்.

"அட, அந்த ஒசரக்காரரா! என்ன, துணி தண்ணியப் பாத்துச்சா? இல்ல, இன்னும் அதே பிடிவாதந்தானா?"

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பத்தொம்பது நாளாச்சும்மா. ஷிமொட்சுயி துறைமுகத்துலேர்ந்து பேய்க்கணவாய் பிடிக்கக் கடலுக்குக் கெளம்பினான். படகு மட்டும் கெடைச்சுது."

சயோகோவின் சிரிப்பு பாதியில் நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"முந்தாநாள் தீவோரமா ஒரு உடம்பு ஒதுங்கியிருக்கு. முகம் அடையாளம் தெரியல. நீல ஜீன்ஸ் போட்டிருக்கு. லேபிள உப்பு தின்னுடுச்சாம். போலீஸ்ல அளந்து சொன்னாங்க, இடுப்பு முப்பத்திநாலு, காலு முப்பத்திமூணு. டி.என்.ஏ. முடிவு வர இன்னும் பத்து நாளாகுமாம்."

அவள் மனம் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. போடாமல் இருக்க அவளால் முடியவில்லை. இடுப்பில் இரண்டு, நீளத்தில் மூன்று. சரியாக அந்தத் துணி சுருங்கும் அளவு.

எதிர்ச் சுவரில் இரண்டு ஜீன்ஸ் அருகருகே தொங்கின. ஒரே அளவு, ஒரே துணி. ஒன்று தண்ணீர் காணாதது, மற்றது ஒருமுறை நனைந்து சுருங்கியது. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அவளே மாட்டியவை. பெரியவரின் பார்வை அங்கே போனது, சற்று நின்றது, திரும்பியது. நல்லவேளை, அவர் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பதிவேட்டைப் புரட்டினாள். "ஆமாங்கய்யா. முப்பத்தாறுக்கு முப்பத்தாறு."

"அதக் கடைத் தாள்ல எழுதி, முத்திரை வெச்சுக் குடுங்க. பெருசா எழுதுங்க. கண்ணாடி போடாமப் படிக்கிற மாதிரி."

"வேற ஏதாவது..."

"வேற ஒரு வார்த்தையும் வேண்டாம். அளவு மட்டும்."

எழுதினாள். சிவப்பு முத்திரை கோணலாக விழுந்தது. பெரியவர் தாளை ஒருமுறை பார்த்தார்.

"அப்போ, அது ரியோஜி இல்ல" என்றார், சொல்லிப் பார்ப்பதுபோல. பிறகு இன்னும் கொஞ்சம் உரக்க, "அது ரியோஜி இல்ல. அளவே ஒத்து வரல" என்றார்.

சயோகோ பதிவேட்டை மூடினாள். பத்து நாள் நம்பிக்கை. அதைப் பிடுங்குவதற்கு நான் யார்? பெரியவர் இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனார். அவளும் குனிந்தாள், நிமிர வெகுநேரம் ஆனது.

இந்த மனிதர் இப்போது வீட்டுக்குப் போவார். மகனுக்கும் சேர்த்து அரிசி களைவார். அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லுவார். பத்தாம் நாள் போலீஸ் அழைக்கும்போது? இன்றைக்கே விழுந்தால் தரையிலிருந்து விழுவார். அன்றைக்கு மலையுச்சியிலிருந்து அல்லவா விழுவார்? நான் எழுதிக் கொடுத்த தாள் அல்லவா அவரை அங்கே ஏற்றிவைத்தது?

கழுத்தில் அளவு நாடா ஆட, தூறலில் ஓடினாள்.

"ஐயா! நில்லுங்கய்யா!"

அவர் தெருமுனையில் நின்ற வெள்ளைக் காரை நெருங்கியிருந்தார். திரும்பினார்.

"நான் முழுசா சொல்லலை. அது தண்ணி படாத துணி. கடல்ல கெடந்தா சுருங்கும்யா! மூணு இன்ச் சுருங்கும்! போலீஸ்ல சொன்ன அளவு..."

குரல் உடைந்து தெருவெங்கும் கேட்டது. பெரியவர் வேகமாக இரண்டு எட்டு வைத்து, அவளுக்கும் காருக்கும் நடுவே வந்து மறைத்து நின்றார். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"சுருங்கும்னு எனக்குத் தெரியும்மா. மெல்லப் பேசுங்க, கார்ல அவனப் பெத்தவ இருக்கா."