காயாத சிவப்பு வட்டம்

அணு உலைக் கட்டடத்துக்குள், தடித்த குழாயின் வெல்டிங் விரிசலைச் சுற்றித் தரப் பரிசோதகரான அவள் போட்ட சிவப்பு வட்டம் இன்னும் காயவில்லை. "இல்லாத விரிசலைச் சொல்லி வேலையை நிறுத்துறீங்க. நாளையிலேருந்து ஸ்டோர்ல கையுறை எடுத்துக் கொடுங்கம்மா, அது போதும்," என்று மேலாளர் அவள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, வட்டத்தைத் துணியால் தேய்க்கிறார். அவர் விரலெல்லாம் சிவப்பு. "வேற யாராவது பார்த்தீங்களா?" என்று சுற்றி நிற்கும் தொழிலாளர்களைக் கேட்கிறார். எல்லாரும் தங்கள் பூட்ஸையே பார்க்கிறார்கள். காலையில், "அக்கா, இதை மூடி மறைச்சா எனக்குத் தூக்கமே வராது, நீங்களே வந்து பாருங்க," என்று கெஞ்சிக் கூட்டிவந்து காட்டிய வெல்டரை அவள் திரும்பிப் பார்க்கிறாள். அவன் முகமூடியைச் சட்டென இறக்கிக்கொள்கிறான். கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிகிறது. அவன் கையிலிருக்கும் வெல்டிங் ராடில் இன்னும் ஒரு பொறிகூடக் கிளம்பவில்லை.