பதினாலு நாள் வலி

விமானம் தாழப் பறக்கும் சத்தம் கூரைக்கு மேல் கேட்டதும், க்ளெனிஸ் பேச்சை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கையிலிருந்த புதினாத் தேநீர் மடியில் சிந்தியது.

"சுரங்கத்து ஆளுங்களக் கூட்டிவர்ற ப்ளேன்தான்" என்றாள் ராலீன், துண்டை எடுத்துக் கொடுத்தபடி. "வியாழக்கிழமைன்னா இந்த நேரத்துக்கு இறங்கும்."

"தெரியும்."

சத்தம் அடங்கும்வரை க்ளெனிஸ் நிமிரவில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பஸ்ஸல்டனில் மருந்துக்கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் ராலீன் இயற்கை வைத்தியம் பார்த்துவந்தாள். பன்பரியை விட்டு இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. க்ளெனிஸ் எட்டு மாதமாக வருகிறாள். ஐம்பத்தாறு வயது, பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை, இது எரிச்சல் குடல் நோய், பழகிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ராலீன் அப்படி விடவில்லை. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், ஆப்பிள் என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். மரப்பட்டைப் பொடி, புதினா எண்ணெய் மாத்திரை, வயிற்றில் கைவைத்து மெள்ள மூச்சு விடும் பயிற்சி எல்லாம் கொடுத்தாள். எதைக் கொடுத்தாலும் இரண்டு வாரம் நன்றாகக் கேட்கும். அப்புறம் வலி திரும்ப வந்து க்ளெனிஸைக் குளியலறைத் தரையில் சுருட்டிப் போட்டுவிடும்.

இன்று காலை ராலீனுக்கு ஏதோ தோன்றியது. க்ளெனிஸ் எழுதிவந்த சாப்பாட்டு நோட்டைப் பிரித்து, வலி வந்த நாட்களை மட்டும் காலண்டரில் சிவப்புக் கோடு போட்டாள். போட்டு முடித்ததும் அவளுக்கே உடம்பு சில்லிட்டது. இப்போது அதை மேஜைமேல் விரித்தாள்.

"இதப் பாரு. பதினாலு நாள் நல்லா இருக்கே. அப்புறம் பதினாலு நாள் வலி. எட்டு மாசமா ஒரு தடவைகூடத் தப்பல. வெங்காயத்துக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது, க்ளெனிஸ்."

க்ளெனிஸ் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலை? நீ ஒரு நாளும் சொன்னதில்லையே."

"டெரெக்கா? வடக்க, இரும்புச் சுரங்கம். ரெண்டு வாரம் அங்க, ரெண்டு வாரம் இங்க."

"இப்பல்லாம் எட்டு நாள் வேலை, ஆறு நாள் லீவுன்னு மாத்திட்டாங்களே? இங்க வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க."

"டெரெக்குக்கு மாறல."

ராலீன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"குடியா?"

"ப்ளேன்லேயே ஆரம்பம்."

"கை நீட்டுவாரா?"

க்ளெனிஸ் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக் காட்டினாள். இரண்டு விரல் அகலத்துக்கு முடி முளைக்காத தழும்பு, பழசாகி வெள்ளைவெளேரென்று இருந்தது.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அவர் என்ன சாப்பிடறேன்னு மட்டும்தான் கேட்டார்."

நானும் அதைத்தானே எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று ராலீனுக்குச் சுரீரென்றது. அவள் அக்கா ட்ரூடியும் வயிற்று வலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ராலீன் இஞ்சியைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. ட்ரூடியைப் பன்பரியில் புதைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அவள் புருஷன் இன்னும் சிறையில் இருக்கிறான்.

ராலீன் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள்.

"இன்னிக்கு நீ வீட்டுக்குப் போகப் போறதில்ல."

"ராலீன், நான் சொல்றதக் கொஞ்சம்..."

"இரு, குறுக்க பேசாத."

பெண்கள் காப்பகத்தில் ராலீனுக்குத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். போனில் நாலே வார்த்தை பேசினாள். அறை இருந்தது. க்ளெனிஸின் கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கார் சாவியைத் தேடினாள். அவசரத்தில் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது.

"அவன் இப்ப இறங்கின ப்ளேன்லதான் வந்திருப்பான். பெட்டிய எடுத்துக்கிட்டு வீடு வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். அதுக்குள்ள நாம போயிடலாம். மாத்துத் துணி நான் தரேன். போலீஸ், கோர்ட் எதுவானாலும் நான் கூட வரேன். அவன் மூஞ்சியில இனிமே நீ முழிக்க வேண்டாம்."

க்ளெனிஸ் அழத் தொடங்கினாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. ராலீனின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"இருபத்தாறு வருஷத்துல என்கிட்ட யாரும் இப்படிச் சொன்னதில்ல. பெத்த அம்மாகூடச் சொல்லல."

"இப்ப நான் சொல்றேன்ல. கிளம்பு, கண்ணு."

க்ளெனிஸ் எழுந்திருக்கவில்லை. ராலீனின் கையை விடாமல் அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"டெரெக் செத்து நாலு வருஷம் ஆச்சு, ராலீன். என் வயித்துக்குத்தான் இன்னும் தெரியல."